பச்சைக் கோடு போட்ட வீடுகள்

அமைச்சர் எங்கள் ஆட்களைப் புகழ்ந்து பேசிய மூன்றாம் நாள், என் மகள் பதினோரு புதன்கிழமைகளாக மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியவந்தது. அதே பள்ளிக்கூடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் பிள்ளை எங்கே என்று கேட்கிற வேலை.

பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். இல்லாவிட்டால் எனக்கே தலை கால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் அமைச்சர் ஏதோ கட்டிடத்தைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் பேரைச் சொல்லி, “இவர்களைப் பாருங்கள். வெறுங்கையோடு வந்தவர்கள். ஆனால் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். கரைக்காரர்களோ பெற்றுப் போடுகிறார்கள், வளர்க்கிற பொறுப்பை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். இதை நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிற புள்ளிவிவரம் சொல்கிறது” என்றார். கூட்டம் கைதட்டியது.

கரைக்காரர்கள் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் இல்லை. அவர்களுக்கு நீளமாக ஒரு பேர் இருக்கிறது, அதைச் சரியாக உச்சரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. முன்னோர்கள் கப்பலை விட்டு இறங்கிக் கரையோரமே குடியேறியதால் ஊர் அப்படிக் கூப்பிட்டது, அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் ஆட்கள் அவர்களுக்குப் பிறகு முப்பது வருடம் கழித்து வந்தோம். அவர்களைப் பற்றி என்ன பேச வேண்டும் என்பதை மட்டும் வந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டோம்.

என் கணவர் அந்தப் பேச்சை நான்கு தடவை போட்டுக் கேட்டார். அவருடைய அண்ணன் போன் பண்ணி, நம் பெருமையை நாடே பேசுகிறது என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பதினைந்து வருடமாக ஒரு பெண் பிள்ளையை வளர்க்கிறேன். நல்லா வளர்க்கிறாய் என்று மாமியார் சொன்னதில்லை, கட்டினவர் சொன்னதில்லை. ஒரு அமைச்சர் சொல்கிறார், கசக்குமா. ஆனால் கடைசித் துணியை மடித்து முடிப்பதற்குள் சின்னக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

சின்னக்கா என்னோடு வேலை பார்ப்பவள். பிள்ளைகள் என்னைப் பெரியக்கா என்றும் அவளைச் சின்னக்கா என்றும் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள், வேலையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவள் கரைக்காரி. எங்கள் அறை பெரியது இல்லை. இரண்டு மேசை, இரண்டு போன், ஒரு கம்ப்யூட்டர், தாமதமாக வருகிற பிள்ளைகளுக்குச் சீட்டுக் கொடுக்க ஒரு கண்ணாடி ஜன்னல். காலை லிஸ்டுக்குப் பத்து மணிக்குள்ளும் மதிய லிஸ்டுக்கு இரண்டு மணிக்குள்ளும் போன் போட்டு முடிக்க வேண்டும். யாருக்கும் தன் சொந்தப் பிள்ளை படிக்கிற வகுப்பைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் என் மகள் படிக்கிற ஒன்பதும் அதற்கு மேலே பத்தும் அவள் பொறுப்பு, மற்றதெல்லாம் என் பொறுப்பு.

திங்கட்கிழமை அவள் எப்போதும் போலவே இருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபமாக இருந்தால் சமாதானம் சொல்லலாம், அழுதால் தண்ணீர் கொடுக்கலாம். அவளோ பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நானே வலியப் போய், நேற்று அந்த ஆள் பேசியதைக் கேட்டாயா என்றேன். எந்த ஆள் என்றாள். அமைச்சர் என்றேன். என்ன பேசினார் என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் வாயாலேயே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். நான் பாதியை முழுங்கிவிட்டு, எங்கள் ஆட்களைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னாராம் என்று முடித்தேன்.

“நல்லதுதானே அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள்.

மதியம் ஆசிரியர்கள் அறையில் ஒரு காகிதம் சுற்றி வந்தது. அமைச்சரின் பேச்சு இனவாதம், அதை இந்தப் பள்ளியின் ஊழியர்கள் கண்டிக்கிறோம் என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நூலகத்து அம்மா எழுதியது. எங்கள் ஆளான கணக்கு வாத்தியார் அதைப் படித்துவிட்டு, இதில் என்ன இனவாதம் இருக்கிறது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், எண்ணிக்கையை வைத்துத்தானே பேசுகிறார் என்றார். நூலகத்து அம்மா விடவில்லை. ஊரில் எத்தனை பானை, எத்தனை அடுப்பு, யார் அடுப்பில் விறகு இருக்கிறது, யார் அடுப்பில் இல்லை என்று பார்க்காமல் ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து ஒரு இனத்தையே எடைபோடுவது வேறு என்ன என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் என் தொல்லை. கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

அமைச்சர் எங்களைத் திட்டியிருந்தால் இரண்டு கையாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். புகழ்ந்ததற்கு எப்படிக் கண்டனம் தெரிவிப்பது. இன்னொன்றும் குடைந்தது. அவர் சொன்ன அதே வார்த்தையை நாங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்போம். பக்கத்துத் தெருவில் ஒரு கரைக்காரப் பையன் சைக்கிளில் வேகமாகப் போனால்கூட, பெற்றவர்கள் என்ன செய்கிறார்களோ என்போம். எங்கள் பையன் போனால், வயசுப் பிள்ளை என்போம். அவர் பேசியது இனவாதம் என்றால் எங்கள் சமையல்கட்டில் பேசுவது என்ன. நூலகத்து அம்மாவிடம் இதைக் கேட்டேன். சமையல்கட்டில் பேசுவதால் சட்டம் வராது, அவர் பேசினால் வரும் என்றார். அப்படியென்றால் சமையல்கட்டில் பேசலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிக் காகிதத்தை வாங்கி வந்து இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடிதம் மடிக்கிற வேலை. காரணம் சொல்லாமல் பத்துத் தடவைக்கு மேல் வராத பிள்ளைகளின் பேரை வருடத்துக்கு இரண்டு முறை கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்து, வீட்டுக்கு ஒரு கடிதமாக அச்சடித்துத் தள்ளும். அதை மூன்றாக மடித்து, முகவரி ஜன்னலில் தெரிகிற மாதிரி உறையில் போட வேண்டும். நான் பேரைப் பார்க்க மாட்டேன், மடிப்பைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு உறையை ஒட்டும்போது ஜன்னலில் என் கணவரின் பேர் இருந்தது. ஒரே பேரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே எங்கள் வீட்டு எண்ணும் இருந்தது.

பிரித்துப் படித்தேன். ஒன்பதாம் வகுப்பு, என் மகள் பேர், பதினோரு புதன்கிழமைகள், மதியம், காரணம் தெரிவிக்கப்படவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்ப்யூட்டர் உளறுகிறது என்று சின்னக்காவிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. இன்றைய மதிய லிஸ்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். புதன்கிழமை மதியம் ஒன்பதுக்கும் பத்துக்கும் சேர்ந்து விளையாட்டு வகுப்பு. விளையாட்டு ஆசிரியை அனுப்பிய அந்த லிஸ்டில், வராதவர்கள் ஆறு பேர். மூன்றாவது என் மகள்.

காலையில் ஒன்றாகத்தான் பஸ்ஸில் வந்தோம். நான்கு மணிக்கு அவள் வாசலில் நிற்பாள், ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவோம். பதினோரு வாரமும் நின்றாள். என் கையில் இருந்த கூடையைக்கூட வாங்கிக்கொண்டாள்.

“பதினோரு வாரம். நான் உனக்கு அஞ்சடி தூரத்துல உட்கார்ந்திருக்கேன். போன்கூட வேண்டாம், திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய் தேய்ஞ்சா போயிடும்?”

அவள் ஒன்பதாம் வகுப்புப் பேரேட்டைத் திறந்தாள். என் மகளின் பேருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு. நான் போட்ட கோடு.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்குள் நாற்பது வீட்டுக்குப் போன் போடுவது லேசான காரியமில்லை. அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். பொறுப்பான வீடு என்று எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் பேருக்குக் கீழே பச்சைப் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். அந்த வீட்டுக்குப் போன் வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், அவர்களே சொல்லி அனுப்புவார்கள். மிச்சமுள்ள வீடுகளுக்கு மட்டும் போட்டால் ஒன்றே முக்காலுக்கு வேலை முடிந்துவிடும். சின்னக்கா சேர்ந்த வாரம் இதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்து, எல்லா வகுப்புக்கும் நானே கோடு போட்டுத் தந்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப் பேரேடு வரும்போது என் கையாலேயே போட்டேன். அவள் அதை அப்படியே கடைப்பிடித்தாள். சொன்னதைச் செய்கிறவள் என்று நான் தலைமை ஆசிரியரிடம் அவளைப் பாராட்டியும் இருக்கிறேன்.

“பக்கத்தைப் புரட்டிப் பாருங்க அக்கா” என்றாள்.

புரட்டினேன். பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டிய பிறகுதான் உறைத்தது. கோடு போட்ட பேர்களில் ஒரு கரைக்காரப் பேர் இல்லை. நான் அப்படி நினைத்துப் போடவில்லை, சத்தியமாக. ஒவ்வொரு பேராகத்தான் யோசித்துப் போட்டேன். இது தெரிந்த வீடு, இது நல்ல வீடு, இது பரவாயில்லை என்று. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால்தான் வேறு என்னவோ மாதிரி இருந்தது.

மூன்று வருடம் நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் அக்கா மகனுக்குக் கோடு இல்லை, அவன் பல்வலி என்று படுத்தால்கூட நான் என் அக்காவுக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் பையன் எங்கே என்று கேட்பேன் என்றாள். அக்கா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லையாம்.

“அப்பவும் எனக்கு அது தப்புன்னு படலை. எங்க பிள்ளைங்கதானே ஓடுதுன்னு நானும் நம்பினேன். போன் போட்டுப் போட்டு, யார் ஓடுறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்க வீடுகளுக்குப் போடவே இல்லையே, அங்க என்ன தெரியும்? இப்ப யோசிச்சா எனக்கே குழப்பமா இருக்கு அக்கா.”

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். மாதா மாதம் கல்வி அலுவலகத்துக்கு நான் நிரப்பி அனுப்புகிற படிவம். வீடுகளுக்குப் போட்ட அழைப்புகள் எத்தனை, எந்த இனத்து வீடுகளுக்கு எத்தனை. போன மாதம் கரைக்காரர் முந்நூற்றுப் பத்து, எங்கள் ஆட்கள் இருபது. பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிற புள்ளிவிவரம் சொல்கிறது என்று அமைச்சர் சொன்னாரே, அந்தப் புள்ளியில் ஒன்றிரண்டு நான் வைத்தவை. ஊரில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பெரியக்கா, எத்தனை பச்சைப் பென்சில் என்று எனக்கு எப்படித் தெரியும். கைதட்டல் வேறு வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நின்று யோசிக்க அப்போது எனக்கு நேரமில்லை. மணி ஒன்று ஐம்பது. என் பெண் எங்கே. அவள் போனுக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். கணவருக்குப் போட்டேன். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர், ஏதோ ஒரு மாடியின் இடுக்கில் இருந்துகொண்டு பேசினார். விஷயத்தைச் சொன்னதும், “கம்ப்யூட்டர் தப்பா இருக்கும். யாராவது கரைக்காரப் பிள்ளை பேரோட மாறியிருக்கும், நல்லாப் பாரு” என்றார். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யாது என்று எத்தனையோ அப்பாக்கள் என்னிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போனை வைத்த பிறகு உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன். இப்போது உதட்டைப் பிதுக்க முடியவில்லை.

சின்னக்கா என்னை உட்காரவைத்து, வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் சிநேகிதிகள் யார். இந்த வருடம் யாரோடு சாப்பிடுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஏதாவது சண்டையா. இல்லை. சமீபத்தில் அவளிடம் ஏதாவது மாற்றம் தெரிந்ததா. கொஞ்சம் அமைதியாக இருந்தாள், படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இதைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இதே பதிலைச் சொன்ன ஒரு அம்மாவை, இதெல்லாம் ஒரு தாயா என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவள் நான். நான்கு மணிக்கு வாசலுக்கு வந்துவிடுவாள், பொறுங்கள் என்றாள் சின்னக்கா. என்னால் பொறுக்க முடியவில்லை.

“அப்ப மூணு இடத்துல பாருங்க. பஸ் நிலையம், துணி துவைக்கிற கடை, ஆஸ்பத்திரியில வெளிநோயாளிங்க உட்காருற கூடம். வெளியில சுத்தத் தைரியம் இல்லாத பிள்ளைங்க, நாற்காலி இருக்கிற இடமாப் பார்த்துத்தான் போகும். யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க” என்றாள். மூன்று வருடமாக அவளிடம் பேசிய அம்மாக்கள் சொன்ன இடங்கள் அவை.

பஸ் நிலையத்தில் இல்லை. துணி துவைக்கிற கடையில் ஒரு கிழவர் மட்டும் சுழல்கிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் நடக்கவில்லை, ஓடினேன். ஓடும்போதே மனசு கண்டபடி பேசியது. யாரோ கெடுத்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளையின் சகவாசமோ, வகுப்பில் பாதிக்கு மேல் கரைக்காரப் பிள்ளைகள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பேரேட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் பயம் வந்தால் புத்தி பழைய தடத்திலேயே ஓடுகிறது.

வெளிநோயாளிகள் கூடத்தில் பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்து வரிசை இருந்தன. எதிரே சுவரில் சிவப்பு எண் மாறிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில், சீருடைக்கு மேல் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, மடியில் அறிவியல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள் என் மகள். கையில் ஒரு டோக்கன். யாராவது கேட்டால் காட்டுவதற்கு இருக்கும். பக்கத்தில் ஒரு கரைக்காரப் பெண் இருமுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் தன் பையை நகர்த்தி அந்தக் குழந்தையின் பால் புட்டிக்கு இடம் விட்டிருந்தாள்.

அடிக்கத்தான் கை வந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறாளே என்று அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, “சின்னக்கா சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

கடிதத்தைச் சொன்னேன். பதினோரு வாரம் இங்கேயா என்று கேட்டேன். தலையாட்டினாள். ஏன் என்று கேட்டேன். உடை மாற்றுகிற அறைக்குள் போக முடியவில்லை என்றாள். விளையாட்டு முடிந்து வந்து பார்த்தால் அவள் துணி இருக்காதாம். ஒளித்து வைத்துவிட்டு, தேடுவதைப் பார்த்துச் சிரிப்பார்களாம். ஒரு தடவை பாதி உடையோடு தாழ்வாரம் வரைக்கும் வந்து தேடியிருக்கிறாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து இங்கே வந்துவிட்டாள். இதையெல்லாம் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்த மாதிரி.

யார் என்றேன். அவள் பதில் சொல்வதற்குள், “கரைக்காரப் பிள்ளைங்களா?” என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெண் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் மறுபடி தட்டத் தொடங்கினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“இல்லம்மா. அக்கா.”

எந்த அக்கா என்று கேட்டேன்.

“பெரியப்பா வீட்டு அக்கா. அவளும் அவ சிநேகிதிங்களும்.”

என் கணவரின் அண்ணன் மகள். பத்தாம் வகுப்பு. போன மாதம்கூட எங்கள் வீட்டுக்கு வந்து, என் முன்னால் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டு போனவள். போகும்போது சித்தி, பாத்திரம் நான் கழுவித் தரவா என்று கேட்டவள். அவள் பேருக்குக் கீழேயும் கோடு போட்டது நான்தான், யோசிக்கக்கூட இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்து, கெஞ்சுவது போல வந்தது.

“நீ கேட்பேன்னு நினைச்சேம்மா. வரலைன்னா எல்லார் வீட்டுக்கும் போன் போடுவீங்கதானே? சின்னக்கா உன்கிட்ட சொல்லுவாங்க, நீ என்னை ஏன்னு கேட்பே, அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு வாசல்ல நின்னு உன் முகத்தைத்தான் பார்ப்பேன். இன்னைக்குத் தெரிஞ்சிருக்குமான்னு. நீ வந்து, குடையை மறக்காம எடுத்தியான்னு கேட்பே.”

கூடத்தில் யாரோ ஒருவரின் எண் மாறி, ஒரு குடும்பமே எழுந்து போனது. இப்போது நான் ஏதாவது சொல்ல வேண்டும். இத்தனை வருடம் எத்தனை பெற்றோரிடம் பேசியிருக்கிறேன், பிள்ளை சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள் என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அமைச்சரை நினைக்கவில்லை, பேரேட்டை நினைக்கவில்லை. என் பெண்ணை மட்டும்தான் நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

“அவளா? நல்லா வளர்த்த பிள்ளையாச்சேடி” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா. அவள் கோபப்படவில்லை. கையையும் உதறவில்லை. பரீட்சைக்கு முன்னாலேயே எந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துவைத்திருந்த பிள்ளை மாதிரி மெல்லத் தலையை ஆட்டினாள்.

“இதைத்தான் சொல்லுவேன்னு தெரியும்” என்றாள்.

இல்லை, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்ல வந்தேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் அவள் அம்மா, நல்ல வீடு எது என்று கண்டுபிடிப்பதில் ஊரிலேயே கெட்டிக்காரி, என் பெண்ணை எந்த வீட்டில் வைத்திருக்கிறேன் என்று பார்க்கவில்லை. முதலில் இருந்து சொல்லு, எல்லாவற்றையும் சொல்லு, நான் நம்புகிறேன் என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்று புரிந்தது. பெற்ற பெண்ணே அப்படிப் பார்ப்பதைத் தாங்குவது சுலபமில்லை.

“நடுவுல எதுவும் பேசாம கேட்பியா?”

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கு நிச்சயமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.